ஷெட் லேப்டாப்பின் பாஸ்வேர்டு

கண்ணு,

நீ விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் கடுகு தாளித்து வருவதற்குள் எழுந்துவிடுகிறது. முன்பு பொத்தானை அமுக்கிவிட்டு அரிசி களைந்து, உலை வைத்து, சோறு வடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தை மாதம் ஆனைமலையில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் பெற்றவள் நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்புவது நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். என்னிடம் நாலு இல்லை. ஒரு சேதி இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், "அப்பா வருவாராம்மா, மாட்டாராம்மா" என்று நீ கேட்பாய். நானும் "பாக்கலாஞ் சாமி" என்று மழுப்பிக்கொண்டே இருந்தேன். இனி மழுப்ப வேண்டியதில்லை. போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் வந்துருச்சும்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பத்திக்கு ஓடாதே. வரிசையாகப் படி.

இந்த லேப்டாப் உனக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. அதை நீ பள்ளிக்கூடத்திலிருந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். உன் அப்பா அதைத் திறக்கவே விடவில்லை. எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டி, புது மிஷினுக்குச் செய்கிற எல்லாம் செய்த பிறகுதான் கையில் கொடுத்தார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அதில் படித்துத்தான் காலேஜ் முடித்தாய். பெங்களூரு போனபோது கம்பெனியே வேறொன்று கொடுக்க, இது நம் லேத்து ஷெட்டுக்கு வந்தது. பம்ப் கம்பெனியிலிருந்து ஷாப்ட் டிராயிங் மெயிலில் வருவதும், அளவு சரிபார்த்து ரிப்போர்ட் அனுப்புவதும் எல்லாம் இதில்தான். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் என்று எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின், அதை ஓட்ட ஆறுச்சாமி, உன் அப்பா, மூலையில் ஒரு மேஜை, அதில் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற கூத்துதான் இது. இதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, வருத்தப்படவும் ஒன்றுமில்லை.

சித்திரையில் நீ வந்து எஸ்தரைப் பற்றிச் சொன்னாய். ஆனைமலைப் பெண், உன் கம்பெனியிலேயே வேலை, சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்று நீ ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல, உன் அப்பா தட்டில் கையைக் கழுவினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றைக்கே பாதி தீர்ந்திருக்கும். "நம்ம சனமில்ல" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய், இரண்டு ஷிப்டு வேலையை ஒரே மூச்சில் ஓட்டினார். அதன் பிறகு இந்த வீட்டில் அந்தப் பெயர் எழவில்லை. நான் சொன்னால் எழுந்து போய்விடுவார். நானும் நிறுத்திக்கொண்டேன். "அந்த விசயம்" என்றே பேசிக்கொண்டோம். பெயர் வாயில் வராத ஒரு பெண்ணை மருமகளாகக் கூட்டிவருவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. நீ கேட்டதென்னவோ அவர் மண்டபத்துக்கு வருவாரா என்பது. எனக்கு அதற்கும் முந்தின கவலை. அவர் வாயில் அந்தப் பெயர் வர வேண்டும். வந்துவிட்டால் கால் தானாக வரும்.

ஆடி வாக்கில் லேப்டாப் சுத்தமாகப் படுத்துவிட்டது. ஒரு டிராயிங்கைத் திறந்தால் மெயில் மூடிக்கொள்ளும். மெயிலைத் திறந்தால் எல்லாமே நின்றுவிடும். மெமரி இரண்டு ஜி.பி.தான், அதில் போய் இந்தக் காலத்து விண்டோஸை ஏற்றினால் இப்படித்தான் என்று நீ சொன்னாய். புதிது ஒன்று ஆர்டர் போடுகிறேன் என்றாய். அதை நான் அவரிடம் சொன்னது என் புத்திகெட்ட வேலை. "அவன் வாங்கிக்குடுத்து ஒரு திருகாணி கூட இந்த ஷெட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். சரி, நீங்கள் வாங்குங்கள் என்றேன். "இதுக்கு என்ன கேடு? நல்லாத்தான இருக்குது?" என்றார். அவருக்கு வீம்பு. உனக்கு ரோஷம். நடுவில் நான் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் நீ, விண்டோஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுகிற லினக்ஸ் பற்றிச் சொன்னாய். "மிஷின் கெட்டுப் போகலம்மா, மேல ஏத்துன செமதான் அதிகம். எறக்கிட்டு லேசா ஒண்ணு போட்டா ஓடும்." பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே எடை குறைத்து வைத்திருக்கிறார்களாம், காசும் இல்லையாம். பென் டிரைவில் எப்படி ஏற்றுவது என்று வீடியோ அனுப்பினாய். துடியலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை இறக்கி ஏற்றிக்கொண்டு வந்தேன். உள்ளே போடாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லையென்றால் உருவிவிடலாம், பழையது அப்படியே இருக்கும். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். மொட்டையாக இருந்தது, அலங்காரம் ஒன்றும் இல்லை, ஆனால் சொன்ன வேலையைச் செய்தது. டிராயிங் திறந்தது, பிரிண்டர் பேசியது. பிரவுசரில் இரண்டு பக்கத்துக்கு மேல் திறந்தால் மட்டும் மூச்சு வாங்கும். அதற்கென்ன, நான் என்ன இருபது பக்கம் திறந்து வைத்துக்கொண்டா படிக்கப்போகிறேன்? இடையில் ஒன்று சொல்கிறேன், புத்திமதி என்றே வைத்துக்கொள். நீ சித்திரையில் வந்து பெண்ணையும், மதத்தையும், தேதியையும், பெங்களூரு வீட்டையும் ஒரே மூச்சில் திறந்து வைத்தாய். உன் அப்பாவும் இரண்டு ஜி.பி. ஆள்தான். ஒவ்வொன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

சரி, ஆயுத பூஜைக்கு வருவோம். அன்று ஷெட்டில் வேலை கிடையாது, மெயிலும் வராது. லினக்ஸை முழுசாக உள்ளே போட அதைவிட நல்ல நாள் இல்லை என்று கணக்குப் போட்டேன். டிராயிங்கையெல்லாம் இன்னொரு பென் டிரைவில் எடுத்து வைத்தாயிற்று. அவரும் ஆறுச்சாமியும் லேத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலை மேஜையில் எல்லாம் தட்டி முடித்து, அது பாட்டுக்கு ஏறட்டும் என்று விட்டுவிட்டு, சுண்டல் தாளிக்க வீட்டுக்குள் வந்தேன். அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து எத்தனையோ காலம் ஆயிற்று, வயரில்தான் உயிர் என்பது உனக்கே தெரியும்.

பூஜை நேரம் வந்தது. நம் ஷெட்டில் சூடம் காட்டுவதற்கு முன் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவது வழக்கம். ஆயுதம் ஓய்வெடுக்க வேண்டும், அன்றைக்கு எதுவும் ஓடக்கூடாது. நான் சுண்டலோடு வாசலில் கால் வைக்கிறேன், உன் அப்பா லேப்டாப் மூடியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, குங்குமப் பொட்டு வைத்து, அதற்கு ஒரு செவ்வந்திப் பூவும் சொருகிவிட்டு, மெயின் கைப்பிடியை இழுக்கிறார்.

"ஐயோ, ஏனுங்க! அது ஓடிட்டிருக்குதுங்க!" என்று கத்தினேன்.

"அதுவும் ஆயுதந்தான அம்மணி? அது மட்டும் எதுக்கு ஓடோணும்?" என்றார்.

திரை கறுத்துவிட்டது. சரி, மறுபடியும் கரண்டைப் போடுங்கள் என்றால், பூஜைக்கு வைத்ததை மறுநாள் எடுக்கும் வரை தொடக்கூடாது என்கிறார். ஆறுச்சாமி வேறு, "தொட்டா ஆவாதுங்கக்கா" என்று ஒத்து ஊதினார். எனக்கு வந்த கோபத்துக்குச் சுண்டலைத் தூக்கி அவர்கள் இரண்டு பேர் தலையிலும் கொட்டியிருப்பேன். பெருமாள் கோவிலுக்கு நேர்ந்துவிட்ட மாடு மாதிரி, பூவும் பொட்டுமாக அந்த லேப்டாப் மறுநாள் காலை வரை செத்துக் கிடந்தது.

விஜயதசமி காலையில் பூஜை முடித்து மெயினைத் தூக்கினார். லேப்டாப்பைப் போட்டால், கறுப்புத் திரையில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி. பழையதும் போயிற்று, புதிதும் வரவில்லை. பம்ப் கம்பெனிக்கு அன்று சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் போயாக வேண்டும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான், அது எனக்குத் தெரியும். ஒரு தடவை செய்தவளுக்கு இரண்டாம் தடவை தெரியாதா? ஆனால் நான் செய்யவில்லை. உன் நம்பரைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்தேன். "அணைச்சது நீங்க. எப்படி எழுப்பறதுன்னு நீங்களே கேளுங்க. எனக்கொண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். பொய்தான். அந்தப் பொய்க்காக எனக்கு இன்றுவரை ஒரு துளி வருத்தமும் இல்லை.

அந்தப் போனில் நடந்தது உனக்குத் தெரியும். "ம்", "அமுத்தியாச்சு", "வந்துருச்சு", "அடுத்தது?" இவ்வளவுதான் நீ கேட்டிருப்பாய். நீ பார்க்காததைச் சொல்கிறேன். அவர் பனியனோடு இருந்தார். உன் குரல் கேட்டதும் போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்ச் சட்டை மாட்டி, பித்தான் போட்டுக்கொண்டு வந்தார். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? சித்திரைக்குப் பிறகு மகனோடு முதல் பேச்சு, அதற்குப் பனியன் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நீ எஃப் பன்னிரண்டு பொத்தான் என்றபோது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். கோப்பு ஏற ஆரம்பித்ததும் மெயின் பெட்டிக்கு முன்னால் போய்க் காவல் நின்றுகொண்டார், ஆறுச்சாமியைக்கூடக் கிட்டே விடவில்லை. கடைசியில் "செரி கண்ணு, வெச்சறட்டா?" என்றாரே, அந்தக் "கண்ணு" வாயில் வந்தது அவருக்கே தெரியாது. நான் ஆறுச்சாமியைப் பார்த்தேன். ஆறுச்சாமி கூரையைப் பார்த்தார்.

நடுவில் ஒன்று நடந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற இடம் வந்தபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "யாரும் கண்டுபுடிக்க முடியாததா வைங்கப்பா. ஊட்டு ஆளுங்க பேரு மட்டும் வெச்சறாதீங்க, எல்லாரும் அதத்தான் மொதல்ல போட்டுப் பாப்பாங்க." ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு லேப்டாப்பை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார். என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். "உனக்கெதுக்கு? நாந்தான் வந்து போட்டுத்தாரேனே" என்றார்.

அன்றிலிருந்து லேப்டாப்பை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஷெட் மெயினை நம்பி இனி எதையும் வைப்பதாக இல்லை. சன்னலோரம் மேஜை, சன்னலுக்கு அந்தப் பக்கம் களம், களத்துக்கு அந்தப் பக்கம் ஷெட். காலையில் நான் கூப்பிட்டால், கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வருவார், உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு தட்டுவார், போவார். ஒரு கடவுச்சொல்லுக்கு இந்த அலங்காரம் எதற்கு என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகுதான் விரலைக் கவனித்தேன். டைப்ரைட்டிங் படித்தவளிடம் முகத்தை மறைக்கலாம், விரலை மறைக்க முடியாது. ஆறு எழுத்து. முதல் எழுத்தும் ஐந்தாவது எழுத்தும் ஒரே கட்டை. மேல் வரிசை, நடு வரிசை, மறுபடி மேல், பிறகு வலது பக்கம் நடுவில் ஒரு தாவல். மூன்றாம் நாள் அடுப்படியில் நின்று, காற்றில் விரலை வைத்து அடித்துப் பார்த்தேன். அடித்துவிட்டு அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன் சாமி.

அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறார். அதுவும் நடுவில் அந்த "எச்" விடாமல். நம் ஊரில் அந்தப் பெயரைக் காதால் கேட்டு எழுதுகிற யாரும் அந்த எச்சைப் போடமாட்டார்கள். பார்த்தவர்தான் போடுவார். பூஜைக்கு முந்தின வாரம் நீ இங்கிலீஷில் அடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரியை என் போனுக்கு அனுப்பினாய். அவரிடம் நீட்டினேன். "எனக்கென்ன, கண்ணாடி இல்ல" என்று திரும்பிக்கொண்டார். போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்று அவரிடம் கேட்டால், யாரும் கண்டுபிடிக்க முடியாதது என்பார். அது உண்மையும்தான். இந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரே பெயர் அது. ஆனாலும் ஒரு மனிதன் தினம் காலையில் ஒரு பெயரை எழுத்து எழுத்தாகத் தொட்டால், விரலுக்காவது பழகிப்போகும். நான் வாயைத் திறக்கவில்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் மாற்றிவிடுவார். ஐப்பசி முழுக்க, "ஏனுங்க, வந்து போட்டுக் குடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தேவையே இல்லாமல் மத்தியானமும் ஒரு தடவை அணைத்துவிட்டுக் கூப்பிடுவேன்.

போன வாரம் வந்தது நேரம். பம்ப் கம்பெனியிலிருந்து போன், ஷாப்டில் ஒரு அளவு மாறிவிட்டது, புது டிராயிங் மெயிலில் இருக்கிறது, வெட்டுவதற்கு முன் பாருங்கள் என்று. அவர் அந்த ஷாப்டில்தான் திருகு மரை வெட்டிக்கொண்டிருந்தார். பாதி மரையில் லேத்தை விட்டு வர முடியாது. எனக்கு வந்த வாய்ப்பு இது என்று மனசு சொன்னது. சன்னலில் நின்று கத்தினேன்.

"ஏனுங்க! டிராயிங் மாறிப்போச்சாம்! பாஸ்வேர்டு சொல்லுங்க!"

லேத்து மட்டும் ஓடியது.

"லைன்ல ஆள் நிக்கறாங்க! சொல்லுங்க!"

"ஈ... எஸ்... டீ..." என்று ஒவ்வொரு எழுத்தாக வந்தது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "எச்... ஈ... ஆரு..."

"ஒண்ணுமே கேக்கலீங்க! மிஷின் சத்தம்!"

லேத்தை அணைத்தார், பாதி மரையை விட்டு நகரவில்லை. மறுபடி எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் விடுவேனா?

"ஈயா, ஜீயா? ஒண்ணும் வெளங்கல! சேத்திச் சொல்லுங்க!"

ஆறுச்சாமி டிரில்லிங் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். உன் அப்பா சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு களம் அதிரக் கத்தினார்.

"எஸ்தர்! எஸ்தர்னு போடு!"

உண்மையைச் சொல்கிறேன், அவர் முதல் எழுத்தைச் சொல்வதற்கு முன்பே நான் பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே போய்விட்டேன். டிராயிங் என் முன்னால் திறந்து கிடந்தது. எனக்கு அதுவா முக்கியம்? கண் நிறைந்துவிட்டது, அளவே தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டுதான் அவருக்குப் படித்துச் சொன்னேன்.

ஆறுச்சாமிதான் கேட்டார். "ஏனுங்கண்ணா, எஸ்தருங்கறது ஆருங்க?"

அவர் ஷாப்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

"எங்கூட்டுக்கு வரப்போற புள்ள" என்றார். "நீ ஓட்டையப் போடு."

அவ்வளவுதான் கண்ணு. வேறு சினிமா ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் சாப்பிடும்போது நானும் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரசத்துக்கு வரும்போது மட்டும், "தையில குளிரு கெடக்குமா அம்மணி, ஆனைமலைப் பக்கம்? முழுக்கைச் சட்டை தெக்கக் குடுக்கலாமா?" என்று கேட்டார். குளிரும், கொடுங்கள் என்றேன். அடிவாரத்து ஆனைமலையில் எந்தக் குளிர்? நேற்று தையல் கடைக்குப் போய் அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

உனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு இருக்கிறது. முதலாவது, மார்கழி கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை வீட்டுக்கு வா. வந்ததும் மண்டபம், சர்ச்சு, சீர் என்று எல்லாவற்றையும் ஒன்றாக அவர் முன்னால் திறந்து வைக்காதே. அவளை உட்காரவை, காபி குடிக்கட்டும், ஷெட்டைப் பார்க்கட்டும், அது போதும். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நீ ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. அவருக்கு நல்ல பழக்கம்.

இரண்டாவது, வரும்போது இந்த லேப்டாப்புக்கு வேறு பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்துவிட்டுப் போ. வீட்டு ஆள் பெயரை வைக்கக் கூடாது என்று நீதானே சொன்னாய்.

அம்மா